வேலை பார்த்துக்கொண்டே படிக்க: பட்டமா, சான்றிதழா, பூட்கேம்பா, அலுவலகத்துக்குள்ளேயேவா?

முப்பதைத் தாண்டியவர்களும் நாற்பதை நெருங்குகிறவர்களும் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன. "பத்து வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், மேலாளர் பதவி தள்ளிக்கொண்டே போகிறது, எம்.பி.ஏ. படிக்கலாமா?" "சப்போர்ட் வேலையிலிருந்து கிளவுட் பக்கம் போக ஆசை, எந்தச் சான்றிதழ் நல்லது?" "குழந்தைகளுக்காக ஆறு வருடம் வேலையை விட்டிருந்தேன், மறுபடி நுழைய எதைப் படிப்பது?"

மூன்று கேள்விகளும் 'எதைப் படிப்பது' என்றுதான் முடிகின்றன. நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்களை இப்போது தடுத்து நிறுத்தியிருப்பது எது? அது தெரியாமல் படிப்பைத் தேடினால், விளம்பரத்தில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதில் போய்ச் சேருவோம்.

## முதலில், தடை எது?

தடை நான்கு விதமாக இருக்கலாம். முதலாவது விதி. அந்தப் பதவிக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று எழுதியிருக்கும், உங்களிடம் அது இருக்காது. இரண்டாவது திறமை. அந்த வேலையை நாளைக்கே கையில் கொடுத்தால் உங்களால் செய்ய முடியாது. மூன்றாவது அத்தாட்சி. வேலை நன்றாகவே தெரியும், ஆனால் உங்களை முன்பின் அறியாத ஒருவர் அதை எப்படி நம்புவார்? நான்காவது பழக்கம், அதாவது அறிமுகம். முடிவெடுக்கிறவர்களுக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

படிப்பு என்றதும் நமக்கு இரண்டாவதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பட்டங்கள் நிறையப் பேருக்குத் தீர்த்து வைப்பது மூன்றாவதை. பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் இதைப் பற்றித்தான் எழுதினார். ஆள் எடுப்பவருக்கு உங்கள் திறமை கண்ணுக்குத் தெரியாது. கஷ்டப்பட்டால்தான் கிடைக்கும் ஒரு பட்டம், 'இவர் எடுத்த காரியத்தை முடிப்பவர்' என்று அவருக்குக் காட்டும் சைகை. வகுப்பில் படித்தது அந்த வேலைக்குத் துளியும் உதவாவிட்டாலும் சைகை வேலை செய்யும் என்பது அவர் வாதம். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். கற்பது முக்கியமில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டவேண்டாம். நீங்கள் பணம் கட்டுவது கற்பதற்கா, காட்டுவதற்கா என்பதை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடையைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. மேலதிகாரியிடமோ, நீங்கள் போக நினைக்கும் இடத்தில் இருப்பவரிடமோ நேராகவே கேளுங்கள்: "இந்தப் பட்டம் இன்றைக்கே என் கையில் இருந்தால் அந்த வேலை கிடைக்குமா?" 'கிடைக்கும்' என்றால் தடை விதிதான். 'அது மட்டும் போதாது' என்று இழுத்தால் அடுத்து அவர் சொல்லும் வாக்கியத்தைக் கவனியுங்கள். உண்மையான தடை அதற்குள் இருக்கும். கூடவே நீங்கள் விரும்பும் பதவிக்கு வந்த 20 வேலை அறிவிப்புகளைச் சேர்த்து, எதைக் 'கட்டாயம்' என்கிறார்கள், எதை 'இருந்தால் நல்லது' என்கிறார்கள் என்று பிரித்து எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இதைச் செய்யாமல் இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கிறேன். உங்கள் தடையை இது நீக்குமா? மொத்தம் எத்தனை மணி நேரம் கேட்கும்? கட்டணத்தோடு முடியாத செலவுகள் என்னென்ன? யார் இதை மதிப்பார்கள், எத்தனை வருடத்துக்கு? பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. அபசகுனம் மாதிரி நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். வேலை, குடும்பம், பெற்றோரின் உடம்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு படிப்பவருக்கு நடுவில் ஓர் ஆறு மாதம் நின்றுபோவது சகஜம். நின்றாலும் நஷ்டமாகாத படிப்பு எது என்று முன்கூட்டியே பார்ப்பது புத்திசாலித்தனம்தான்.

மணி நேரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உண்மையான விலை அதுதான். படிப்பின் காலத்தை 'இரண்டு வருடம்', 'மூன்று மாதம்' என்று நாட்காட்டிக் கணக்கில் சொல்வார்கள். அது ஏமாற்றும். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் அளக்கும் ஐரோப்பிய முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் ஓராண்டு என்பது 1,500 முதல் 1,800 மணி நேரம். பிரிட்டனில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம் என்று கணக்கு. அங்கே முதுகலைப் பட்டம் 180 கிரெடிட், அதாவது 1,800 மணி நேரம். வகுப்பு, வாசிப்பு, எழுத்து வேலை, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்துத்தான் இது.

வேலைக்குப் போகும் ஒருவர் வாரம் 10 மணி நேரம் ஒதுக்கி, பண்டிகை, காய்ச்சல், அலுவலக நெருக்கடி எல்லாம் போக வருடத்துக்கு 48 வாரம் படித்தாலும் 480 மணி நேரம்தான் வரும். 1,800-ஐ முடிக்க மூன்றே முக்கால் வருடம். 'இரண்டு வருடப் பகுதிநேரப் படிப்பு' என்று கையேட்டில் போட்டிருந்தால், வாரம் கிட்டத்தட்ட 19 மணி நேரத்தை உங்களிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள்.

## பகுதிநேர அல்லது தொலைநிலைப் பட்டம்

தடை விதியாக இருந்தால் மேலே யோசிக்க அவசியமில்லை, இதுதான் வழி. ஆசிரியர் பணி, ஆராய்ச்சி, பொதுத்துறைப் பதவி உயர்வு, உரிமம் தேவைப்படும் தொழில்கள் போன்ற இடங்களில் பட்டம் கேட்டால் பட்டம்தான் வேண்டும். பத்துச் சான்றிதழ்களை அடுக்கினாலும் அந்தக் கட்டத்தில் டிக் விழாது. வேறு நாட்டுக்குப் போய் வேலை தேடும் எண்ணம் இருந்தாலும் பட்டத்துக்குத்தான் கை ஓங்கும், விசாவுக்கான தகுதிக் கணக்கில் பல இடங்களில் அது சேரும்.

தொலைநிலை என்பதால் தரம் குறைவு என்ற பேச்சு பழையது. பிரிட்டனின் ஓபன் யூனிவர்சிட்டி 1969-இல் தொடங்கப்பட்டு 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. பெரும்பாலான இளங்கலைப் படிப்புகளுக்கு முன்தகுதியே கேட்காத இடம் அது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-இல் கணினி அறிவியல் முதுகலையை முழுக்க இணையத்தில் தொடங்கியது. வளாகத்தில் படித்தவருக்கும் இணையத்தில் படித்தவருக்கும் ஒரே பட்டச் சான்று, அதில் 'இணையவழி' என்ற சொல்லே கிடையாது. தரத்தைவிட அங்கீகாரத்தைப் பற்றித்தான் கவலைப்படவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கும், ஆனால் குறிப்பிட்ட அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு இருக்காது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1989-இல் வாஷிங்டன் ஒப்பந்தம் வந்தது. அதிலும் கணக்கில் வருவது அங்கீகாரம் பெற்ற குறிப்பிட்ட பட்டப் படிப்புகள்தான், கல்லூரியின் பெயர் அல்ல. வணிகப் பள்ளி என்றால் ஏ.ஏ.சி.எஸ்.பி., எக்விஸ், ஏ.எம்.பி.ஏ. என்ற மூன்று சர்வதேச அங்கீகார முத்திரைகளில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றும் இல்லாத எம்.பி.ஏ.வுக்குப் பெரிய கட்டணம் கேட்டால் எனக்குக் கை நடுங்கும்.

மறைசெலவில் முதலிடம் இழந்த வருமானத்துக்கு. ஓவர்டைம் எடுக்க முடியாது, ஊர் சுற்றும் புராஜெக்ட்டுகளை மறுக்கவேண்டிவரும், தேர்வு நேரத்தில் சம்பளமில்லா விடுப்பு. இன்னொரு செலவு கட்டண ரசீதில் வராது. வீட்டில் உங்கள் பங்கு வேலையை மூன்று வருடம் யாரோ ஒருவர் சேர்த்துச் செய்வார். சேருவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் அது அனுமதி கேட்பதாக இருக்காது, மன்னிப்பு கேட்பதாகத்தான் இருக்கும்.

பாதியில் நின்றால்? இங்கே பட்டங்களுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. பிரிட்டன் பாணி முதுகலையில் பொதுவாக 60 கிரெடிட்டில் முதுகலைச் சான்றிதழ், 120-இல் முதுகலை டிப்ளமா என்று இறங்கும் படிகள் உண்டு. வேறு பல இடங்களில் கடைசித் தேர்வு வரை போகாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. இறங்கும் படிகள் உள்ள படிப்பு கொஞ்சம் விலை கூடினாலும் அதைத்தான் எடுப்பேன்.

கட்டணம் கட்டுமுன் ஒன்று கேட்க மறக்காதீர்கள்: "என் அனுபவத்துக்கு ஏதாவது பாடவிலக்கு உண்டா?" பிரான்சில் 2002-இல் வந்த சட்டம், வேலையில் கற்றதை நடுவர் குழுவிடம் நிரூபித்து முழுப் பட்டத்தையே வாங்கும் உரிமையைக் கொடுக்கிறது. அந்த அளவுக்குத் தாராளம் எல்லா இடத்திலும் இல்லை. ஆனாலும் முன் கற்றலுக்குச் சில கிரெடிட்டாவது கழித்துக்கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள், நாமாகக் கேட்டால்தான் உண்டு.

## தொழில்முறைச் சான்றிதழ்

தடை அத்தாட்சியாக இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஏற்கெனவே வேலை தெரியும், அதை வெளியே நிரூபிக்கவேண்டும் என்றால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஆனால் சான்றிதழ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, அனுபவத்துக்கு முத்திரை குத்துவது. புராஜெக்ட் மேலாண்மைக்கான பி.எம்.பி. தேர்வை எழுதவே நான்கு வருடப் பட்டம் உள்ளவருக்குப் புராஜெக்ட்டுகளை நடத்திய 36 மாத அனுபவம் வேண்டும், பட்டம் இல்லாதவருக்கு 60 மாதம். அதோடு 35 மணி நேர வகுப்பு. தகவல் பாதுகாப்புக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. ஐந்து வருட அனுபவம் கேட்கிறது. அனுபவம் இல்லாமலே தேர்வில் ஜெயித்தால் 'அசோசியேட்' என்று பெயர் கொடுத்து, அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு வர ஆறு வருடம் அவகாசம் தருகிறார்கள். முதலீட்டுத் துறையின் சி.எஃப்.ஏ. மூன்று நிலைத் தேர்வுகள் போக 4,000 மணி நேரப் பணி அனுபவம் எதிர்பார்க்கிறது. இவையெல்லாம் துறைக்குள் இருப்பவரை உயர்த்தும். வெளியே இருப்பவரை உள்ளே கூட்டிவராது.

இன்னொன்று, நுழைவுச் சீட்டு மாதிரியானது. நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., அமேசானின் கிளவுட் பிரிவான ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் தொடக்கநிலைத் தேர்வுகள் இந்த ரகம். அனுபவம் கேட்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதாலேயே அதன் எடையும் குறைவு. சப்போர்ட் வேலையில் இருப்பவர் அதே நிறுவனத்தில் கிளவுட் குழுவுக்கு மாற இது நல்ல சாக்கு. எந்தத் தொடர்பும் இல்லாத வேலையில் இருப்பவர் இதை மட்டும் நீட்டிக் கதவைத் திறக்கப் பார்த்தால் கை வலிக்கும்.

இங்கே மறைசெலவு கட்டணத்துக்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது. சான்றிதழ் காலாவதியாகும். பி.எம்.பி.க்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்கவேண்டும், சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு மூன்று வருடத்தில் 120, அதற்கு மேல் ஆண்டுக் கட்டணம். ஏ.டபிள்யூ.எஸ்., சி.சி.என்.ஏ. இரண்டுக்கும் ஆயுள் மூன்று வருடம். மைக்ரோசாஃப்டின் பணிசார் சான்றிதழ்களுக்கு ஒரே வருடம்தான், ஆனால் புதுப்பித்தல் இணையத்தில் இலவசம். பட்டம் என்றால் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. சான்றிதழோ வாடகை வீடு மாதிரி. எனவே ஒரு சான்றிதழின் விலையைக் கேட்கும்போது பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மறுதேர்வையும் சேருங்கள். சி.எஃப்.ஏ. முதல் நிலையில் தேறுபவர்கள் பல வருடங்களாகவே பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு நிலைக்கும் சுமார் 300 மணி நேரம் படிக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மூன்று நிலைக்கு 900 என்றால், வாரம் 10 மணி நேரம் படிப்பவருக்கு ஒருமுறைகூடத் தவறாமல் போனாலே 90 வாரம். ஒரு நிலையில் தவறினால் அந்த 300-ல் கணிசமான பங்கைத் திரும்பவும் செலவழிக்கவேண்டும். தேர்வுக் கட்டணம் தனி.

பாதியில் நின்றால் மிஞ்சுவது சான்றிதழைப் பொறுத்தது. ஒரே தேர்வு உள்ளவற்றில் நஷ்டம் சிறியது. படிப்படியாக ஏறவேண்டியவற்றில் 'முதல் நிலை தேறியவர்' என்று சொல்லிக்கொள்ளலாம், சில இடங்களில் அதற்கும் ஓரளவு மதிப்பு உண்டு.

## பூட்கேம்ப்

தடை திறமை, அவசரமும் இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு மூன்று நான்கு மாதம் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு உண்டு. இந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால் மட்டும் பூட்கேம்பைப் பற்றி, அதாவது சில மாதம் முழுநேரமாக உட்காரவைக்கும் தீவிரப் பயிற்சியைப் பற்றிப் பேசலாம். 12 வாரம், வாரம் 50 மணி நேரம் என்றால் 600 மணி நேரம். இதையே மாலை நேரத்தில் வாரம் 10 மணி வீதம் படித்தால் 60 வாரம் ஆகும். அந்த வேகத்துக்குத்தான் விலை.

வேகத்துக்கு ஒரு விலை மூளையும் கேட்கும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் கண்டது: பொருளற்ற அசை வரிசை ஒன்றை ஒரே நாளில் 68 முறை சொல்லி மனப்பாடம் செய்ததன் பலன், மூன்று நாளில் பிரித்து 38 முறை சொன்னதிலேயே கிடைத்துவிட்டது. இடைவெளி விட்டுக் கற்பது நிலைக்கும் என்பதைப் பிற்காலச் சோதனைகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பூட்கேம்ப் முடித்த மறுமாதமே அந்த வேலையில் உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. வேலை தேடி ஆறு மாதம் அலைந்தால் பாதி கரைந்துபோகும்.

விற்கும்போது சொல்லப்படும் 'இத்தனை சதவீதம் பேருக்கு வேலை' என்ற எண்ணைக் கேட்டதும், அது யாரை வைத்துப் போட்ட கணக்கு என்று கேளுங்கள். சேர்ந்தவர்களில் இத்தனை சதவீதமா, முடித்தவர்களில் இத்தனையா, முடித்து, பதில் அனுப்பியவர்களில் இத்தனையா? பகுதிநேர வேலையும், அதே பயிற்சி நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்ததும் 'வேலை' கணக்கில் வருகிறதா? மழுப்பினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். 'இப்போது பணம் வேண்டாம், வேலை கிடைத்ததும் சம்பளத்தில் பங்கு கொடுங்கள்' என்ற ஒப்பந்தமும் புழக்கத்தில் உண்டு. கேட்க இனிப்பாக இருக்கும். எந்தச் சம்பளத்திலிருந்து பிடித்தம் தொடங்கும், எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவுக்கு மேல் போகாது, வேறு துறையில் வேலை கிடைத்தாலும் கொடுக்கவேண்டுமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

பாதியில் நின்றால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. வேலையும் போயிருக்கும். ஐந்து வழிகளிலும் சறுக்கினால் பலமாக அடிபடுவது இதில்தான்.

## இணையவழிச் சிறு படிப்புகள்

கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத்தளங்கள் இரண்டும் 2012-இல் வந்தவை. விலை மலிவு, பல பாடங்கள் இலவசம், நல்ல பேராசிரியர்கள். குறை எல்லாருக்கும் தெரிந்ததே, யாரும் முடிப்பதில்லை. எம்.ஐ.டி., ஹார்வர்ட் இரண்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் தரவை ஆராய்ந்து 2019-இல் வந்த ஒரு கட்டுரைப்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் அது 46 சதவீதம். பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் உறுதி இருந்தவர்கள்தான் பணம் கட்டினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முடிக்கவேண்டும் என்று நினைக்கிற ஒரு பாடத்துக்காவது கொஞ்சம் பணம் கட்டிவிடுவது என் பழக்கம்.

நானும் அந்த 97 பேரில் ஒருவன்தான். தரவுப் பகுப்பாய்வுப் பாடம் ஒன்றை உற்சாகமாகத் தொடங்கி நான்காவது வாரத்தில் விட்டேன். பாடத்தில் குறை இல்லை. கற்றதை மறுநாள் பயன்படுத்த எனக்கு ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து, வேலையில் ஓர் அறிக்கைக்குத் தேவைப்பட்டபோது அதே பாடத்தை மூன்று வாரத்தில் முடித்தேன்.

எனவே இதை அத்தாட்சியாக எண்ணவேண்டாம், ஆள் எடுப்பவர்கள் இந்தச் சான்றிதழைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. குறிப்பிட்ட ஒரு திறமைக் குறையை அடைக்கவும், பெரிய படிப்பில் இறங்குமுன் அந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று ருசி பார்க்கவும் இதைவிட நல்லது இல்லை. பாதியில் நின்றாலும் இழப்பு சில மாலைகள்தான்.

## அலுவலகத்துக்குள்ளேயே கற்பது

இந்த வழிக்கு விளம்பரம் செய்ய ஆள் இல்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை. பக்கத்துக் குழுவின் வேலையில் ஆறு மாதம் பாதி நேரம் ஒட்டிக்கொள்வது, யாரும் தொடாத புராஜெக்ட்டை முன்வந்து எடுப்பது, வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்பது, நிறுவனச் செலவில் பயிற்சிக்குப் போவது எல்லாம் இதில் சேரும். திறமை, அத்தாட்சி, பழக்கம் மூன்று தடைகளையும் ஒரே சமயத்தில் தொடுவது ஐந்தில் இது ஒன்றுதான். கற்கும் மணி நேரத்துக்குச் சம்பளமும் வருகிறது.

நிறுவனம் எதற்குப் பணம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பதற்கு ஒரு தர்க்கம் உண்டு. பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960-களில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உதவும் பயிற்சி, எங்கே போனாலும் உதவும் பயிற்சி. முதலாவதற்கு நிறுவனம் தாராளமாகச் செலவழிக்கும். இரண்டாவதற்குத் தயங்கும், ஏனென்றால் கற்றுக்கொண்டவர் மறுவருடமே அதிகச் சம்பளத்துக்குப் பறந்துவிடலாம். அந்தப் பயத்தின் இன்னொரு பெயர்தான் பாண்டு: 'கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், இரண்டு வருடம் நீங்கள் போகக்கூடாது, போனால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும்.'

இங்கே மறைசெலவு அதுதான். பாண்டு காலத்தில் பேரம் பேசும் பலம் உங்களுக்குக் குறையும். சம்பள உயர்வு சரியாக வராவிட்டாலும் எழுந்து போக முடியாது. கையெழுத்துக்கு முன் இரண்டைப் பாருங்கள். மாதம் ஆக ஆகத் திருப்பிக் கட்டவேண்டிய தொகை குறையுமா, கடைசி நாள் வரை முழுத்தொகையா? அவர்களே உங்களை வேலையை விட்டு அனுப்பினால் என்ன ஆகும்?

இன்னொரு குறையும் உண்டு. உள்ளே கற்றது உள்ளேயே நின்றுவிடலாம். உங்கள் நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் நீங்கள் சூரர் என்பது வெளியே யாருக்கும் பொருட்டில்லை. அதனால் உள்ளே கற்ற வேலையின் மேல் ஒரு வெளிச் சான்றிதழையும் வாங்கி வைப்பது நல்ல ஜோடி. மேலே சொன்ன பி.எம்.பி.யின் 36 மாதக் கணக்கையும் இப்படித்தான் நிறையப் பேர் நிரப்புகிறார்கள்.

நிறுவனமே தேங்கிக் கிடந்தாலோ, மேலே இருப்பவர் உங்களை வளரவிடாதவர் என்றாலோ இந்த வழி அடைபட்டது. அப்போது இங்கே நேரத்தைக் கரைக்கவேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | நீக்கும் தடை | நேரம் | மறைசெலவு | பாதியில் நின்றால் |
|---|---|---|---|---|
| பகுதிநேரப் பட்டம் | விதி, ஓரளவு அத்தாட்சி | பிரிட்டன் பாணி முதுகலைக்கு 1,800 மணி நேரம் | இழந்த வருமானம், வீட்டாரின் நேரம் | இறங்கும் படி இருந்தால் டிப்ளமா, இல்லாவிட்டால் பூஜ்யம் |
| தொழில்முறைச் சான்றிதழ் | அத்தாட்சி | சில வாரங்கள் முதல் 900 மணி நேரம் வரை | புதுப்பித்தல், மறுதேர்வு | இழப்பு சிறியது |
| பூட்கேம்ப் | திறமை | சுமார் 600 மணி நேரம், நெருக்கமாக | சம்பளமில்லா மாதங்கள் | இழப்பு பெரியது |
| இணையச் சிறு படிப்பு | திறமையில் ஒரு துண்டு | சில பத்து மணி நேரம் | முடிக்காமல் போவது | சில மாலைகள் |
| அலுவலகத்துக்குள் | திறமை, அத்தாட்சி, பழக்கம் | வேலை நேரத்திலேயே | பாண்டு, வெளியே செல்லாத அனுபவம் | சம்பளமும் அனுபவமும் மிஞ்சும் |

## அந்த மூன்று பேருக்கு

கணக்குப் பிரிவில் இருப்பவரின் தடை பெரும்பாலும் பழக்கம் என்றுதான் ஊகிக்கிறேன். எம்.பி.ஏ. முடித்தவர்களைத்தான் அங்கே மேலாளர் ஆக்குகிறார்களா என்று முதலில் பார்க்கட்டும். கடைசியாகப் பதவி உயர்ந்த ஐந்து பேரின் தகுதி என்ன? நான்கு பேருக்கு எம்.பி.ஏ. இருந்தால் சரி, இறங்கும் படி உள்ள ஒன்றில் சேரலாம். இல்லையென்றால் பட்ஜெட் தயாரிப்பு மாதிரி மேலிடத்தோடு உட்காரும் வேலை ஒன்றைக் கேட்டு வாங்குவது, நாலு வருடப் படிப்பைவிட வேகமாகக் கொண்டுசேர்க்கும்.

கிளவுட் ஆசைக்காரருக்குப் பதில் சுலபம். தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்று, கூடவே சொந்த அலுவலகத்திலேயே கிளவுட் குழுவுக்கு மாற்றல் முயற்சி. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் வாங்கினால், ஏ.டபிள்யூ.எஸ். போன்றவை மூன்று வருடத்தில் காலாவதியாகும், பயன்படுத்தாமலே.

ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்தான் கடினமான இடத்தில் இருக்கிறார், ஏனென்றால் 'அலுவலகத்துக்குள்' என்ற வழியே அவருக்கு இல்லை. அவர் பட்டத்தை நோக்கி ஓடுவதை நான் விரும்பமாட்டேன். பழைய பட்டமும் பழைய அனுபவமும் அழிந்துவிடவில்லை, அவற்றின் மேல் தூசிதான் படிந்திருக்கிறது. பழைய துறைக்கே திரும்புவது என்றால், சமீபத்திய தேதி போட்ட ஒரு சான்றிதழும், சிறியதாகவே இருந்தாலும் யாருக்காவது செய்துகொடுத்த நிஜ வேலை ஒன்றும் போதும். முன்பு கூட வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுப் பேசவும் தயங்கவேண்டாம். துறையே மாறுவது என்றால் மட்டும் பூட்கேம்ப் போன்ற நெருக்கமான பயிற்சிக்கு அர்த்தம் உண்டு. அதற்கும் முன்னால் இலவசப் பாடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

## பணம் கட்டுவதற்கு முன் மூன்று வாரம்

எந்த வழியை எடுத்தாலும் ஒரு சோதனையைச் செய்யச் சொல்வேன். எந்த நாட்களில், எந்த நேரத்தில் படிக்கப்போகிறீர்களோ அந்த நேரத்தில் மூன்று வாரம் உட்காருங்கள். அந்தப் பாடத்தின் இலவசப் பகுதியோ, நூலகப் புத்தகமோ ஏதாவது ஒன்று போதும். உண்மையில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். 12 மணி நேரம் திட்டமிட்ட பலருக்கு 6 தான் தேறும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படிப்பு கேட்கும் மொத்த மணி நேரத்தை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1,800-ஐ 6-ஆல் வகுத்தால் 300 வாரம், கிட்டத்தட்ட ஆறு வருடம். பல பல்கலைக்கழகங்கள் ஒரு பட்டத்தை இத்தனை வருடத்துக்குள் முடித்தாகவேண்டும் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. விதிமுறைக் கையேட்டின் பின்பக்கங்களில் எங்கோ அந்த வரி இருக்கும். விண்ணப்பத்தை அனுப்புமுன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.